நாலாவது அட்டையைக் கட்டிய மகனுக்கு

ராசா,

போன் போட்டால் "டவர் இல்லம்மா, பொறவு பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். தாளுக்கு டவர் வேண்டாம். அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இது, வரி கோணலாகப் போனால் நீதான் நிமிர்த்திப் படித்துக்கொள்ள வேண்டும். உன் மகள் கார்த்திகா இதை எழுத்துக் கூட்டித் தட்டி உன் போனுக்கும் அனுப்புகிறேன் என்கிறாள். அனுப்பட்டும். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடு நம் ராஜபாளையத்தில் தெருவுக்கு நாலு இருக்கிறது. நான் செய்ததை அவர்களில் ஒருத்தி செய்யாமல் இருந்தால் நல்லதுதானே.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வத்திராயிருப்பில் உன் பட்டாளத்துக் கூட்டாளி முருகேசன் தங்கச்சி மாரீஸ்வரிக்கு வருகிற தையில் கல்யாணம். அண்ணன்காரன் இருந்திருந்தால் மாப்பிள்ளைத் தோழனாக நின்று, மாப்பிள்ளை கையைப் பிடித்து மணவடைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். அவன் போய் வருகிற மாசியோடு ரெண்டு வருசம். அந்த இடத்தில் நீ நிற்க வேண்டும் என்று அவனைப் பெற்ற பேச்சியம்மாள் கேட்கிறாள். சித்தப்பா மகன், பெரியப்பா மகன் என்று அவளுக்கு ஆள் இல்லாமல் இல்லை. அவளுக்கு நீதான் வேண்டும். நீ லீவு இல்லை என்கிறாய். லீவு இருக்கிறது என்று உன் பெண்டாட்டியிடம் நீயே வாய்விட்டிருக்கிறாய். நீ வராததற்குக் காரணம் லீவும் இல்லை, பேச்சியம்மாளும் இல்லை. நான்தான். அதை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே.

நான் பெருமைக்காரி. அது ஊருக்கே தெரியும். இருபத்திரண்டு வருசம் பேண்டேஜ் துணி ஓடுகிற தறிக்கூடத்தில் வெட்டிச் சுருட்டுகிற வேலை பார்த்தவள். அந்த வெள்ளைத் துணி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது, யார் புண்ணைக் கட்டுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ பட்டாளத்தில் சேர்ந்து, மருத்துவப் பக்கம் எடுத்து, நர்சிங் உதவியாள் ஆனாய் என்று கடிதம் வந்த அன்றைக்குத்தான் யோசித்தேன். மறுநாள் கூடத்தில் சத்தமாகச் சொன்னேன், "ஏட்டி, நல்லாச் சுருட்டுங்கட்டி. எம் மகன் கட்டப்போற துணி." மேஸ்திரி கூடச் சிரித்தார். உன் துப்பாக்கியைப் பற்றி நான் யாரிடமும் பேசினதில்லை. உன் பையைப் பற்றித்தான் பேசுவேன். அங்கே சிப்பாய்கள் உன்னை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு நான் தரையில் நடந்ததாக எனக்கே நினைவில்லை. இப்போது உன் மகளும் நர்சிங் ரெண்டாம் வருசம். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் பஸ் ஏறும்போது வேண்டுமென்றே வாசலில் நின்று "பாத்துப் போ தாயி" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன். இந்தப் புத்தி போகாது. ஆனால் இந்தப் புத்திதான் உன்னை வீட்டுக்கு வரவிடாமல் ஆக்கியது.

நீ லீவில் வந்தால் உங்கள் பட்டாளத்து வைத்திய வார்த்தையெல்லாம் நம் வீட்டில் புழங்கும். நமக்குக் கேசுவாலிட்டி என்றால் ஆஸ்பத்திரியில் ஓர் அறை, உங்களுக்கு அடிபட்ட ஆளே கேசுவாலிட்டி என்பாய். ஒவ்வொரு சிப்பாயும் சட்டைப் பையில் ஒரு கட்டுத்துணி வைத்திருப்பான், அடிபட்டால் அவன் பையில் இருப்பதைத்தான் அவனுக்குக் கட்ட வேண்டும், உன்னுடையதை எடுக்கக் கூடாது, உனக்கு அடிபட்டால் அது வேண்டும் என்பாய். "இது என்னலே, கஞ்சத்தனமா இருக்கு" என்று நான் சொல்ல, நீ சிரித்தாய். காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினால் கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும் என்பாய். கார்த்திகா அதையெல்லாம் அப்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். நான் கேட்டேன், கேட்டு மற்றவர்களிடம் சொன்னேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

முருகேசன் நம் வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்றைக்கு நினைவிருக்கிறதா? ரெண்டு பேரும் ஒரே ரயிலில் லீவுக்கு வந்து, அவன் இங்கே இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வத்திராயிருப்புக்குப் போனான். உனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இளையவன். சோற்றில் கை வைத்ததும் உன்மேல் புகார் சொல்ல ஆரம்பித்தான்.

"அம்மா, புதுசா அங்க போன நேரம். பூட்ஸு கடிச்சுக் காலு பூராக் கொப்புளம். எம்.ஐ. ரூமுன்னு மருந்து குடுக்குற எடத்துக்குப் போனா இந்த அண்ணன் உக்காந்திருக்காக. 'எந்த ஊருலே?'ன்னாக. வத்திராயிருப்புன்னேன். 'அட, நான் ராஜபாளையம்லே'ன்னு மொகமெல்லாம் சிரிப்பு. சரி, நம்மூருக்காரவுக, மூணு நாளு கட்டில்ல படுக்கப் போட்டுருவாகன்னு நெனச்சேன். மருந்தப் போட்டாக, கட்டுனாக, சீட்டுல எம் அண்ட் டின்னு எழுதி நீட்டிட்டாக."

"அப்படின்னா என்னய்யா?"

"மெடிசின் அண்ட் டியூட்டி. மருந்தத் தின்னுக்கோ, போயி வேலையப் பாத்துக்கோ."

"பக்கத்து ஊர்க்காரன்னு ரெண்டு மாத்திர கூடக் குடுத்தேன்லலே, அதச் சொல்ல மாட்டேங்கியே" என்றாய் நீ. அவன் புரை ஏறச் சிரித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் யார் முன்னால் வருகிறீர்களோ அவர்கள் கையில் மற்றவர் வீட்டுக்கு ஒரு பை வரும். வத்திராயிருப்பு மாங்காயும் தேங்காயும் நம் அடுப்படிக்கு வந்தது அவன் கையால்தான். பேச்சியம்மாளோடு நான் அக்கா தங்கச்சி மாதிரிப் பழகியதும் அந்தப் பைகளால்தான்.

பொறவு அந்த மாசி மாதம். மலைப் பாதையில் வண்டி கவிழ்ந்துவிட்டது, முருகேசன் இல்லை, நீ பின்னால் வந்த வண்டியில் இருந்தாய், உனக்கு ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தது அம்புட்டுத்தான். நீ பேசினது ஒரு நிமிசம், அதிலும் பாதி மூச்சுத்தான் கேட்டது. பெட்டி வத்திராயிருப்புக்கு வந்த அன்றைக்கு நானும் உன் பெண்டாட்டியும் போனோம். கொடி போர்த்தி, துப்பாக்கி தூக்கி மரியாதை செய்யச் சிப்பாய்கள் நின்றார்கள். ஊரே பந்தலில். பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க மகன் கூட இருந்தானாமே. எம் பிள்ளைக்குப் பக்கத்துல இருந்தானா? என்ன செஞ்சான்? சொல்லுங்கக்கா."

எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "எம் மகன் மடியிலதான் தாயி உசுரு போச்சு. கடைசி மூச்சு வரைக்கும் விடல. என்னென்ன வைத்தியம் உண்டோ அம்புட்டும் பாத்திருக்கான்" என்றேன். அவள் என் நெஞ்சில் சாய்ந்து அழுதாள். சுற்றி நின்ற பெண்டுகள் "பெத்தா இப்படிப் பிள்ளையப் பெறணும்" என்றார்கள். அதைக் கேட்டு, அந்த எழவு வீட்டில், அந்தப் பெட்டிக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது ராசா. ஒரு நொடிதான். ஆறுதலுக்காகச் சொன்ன பொய் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் ஆறுதலுக்கு. மீதிப் பாதி உன்னைப் பெற்ற வயிற்றுக்கு.

போன மார்கழியில் நீ லீவில் வந்தாய். வந்து நாலு நாள் ஆகியும் வத்திராயிருப்புப் பேச்சை எடுக்கவில்லை. அங்கே அவள் வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள், மகன் கடைசியில் என்ன பேசினான் என்று உன் வாயால் கேட்க. நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கொல்லையில் கிடந்த தகரம் என் பாதத்தைக் கிழித்தது. நீ என்னை உட்கார வைத்து, தரையில் சம்மணம் போட்டு, என் காலைத் தூக்கி உன் மடியில் வைத்துக் கழுவினாய். நான் அப்போதும் விடவில்லை. "எனக்குக் கட்டுறது இருக்கட்டும். அந்த வீட்டுக்கு எப்ப போற? மூஞ்சியக் காட்டாம இருக்க உனக்கு என்ன கேடு?" என்றேன். நீ நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாய். அந்தப் பேச்சில் ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம்.

"பதினோரு பேரும்மா. ரோட்டுல இருந்து கீழ ஓடை வரைக்கும் அங்கங்க கிடந்தாங்க. டாக்டர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வைத்தியம் தெரிஞ்சவன் நான் ஒருத்தன், எங்கிட்ட ஒரு பை. அப்படி இருக்கயில மொதல்ல கண்ணுல பட்டவனுக்குக் கட்டுப் போட உக்காந்துறக் கூடாது. எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்து அட்டை கட்டணும். அதுக்குப் பேரு டிரையாஜ். ஒண்ணாம் அட்டை, இப்பவே பாத்தாப் பொழைப்பான். ரெண்டாம் அட்டை, செத்த நேரம் தாங்குவான். மூணாவது, தானா நடந்துருவான். நாலாவது..." என்று நிறுத்தி, பஞ்சை நனைத்தாய். "நாலாவது, நம்ம கையில இருக்கிறத வச்சு ஒண்ணும் பண்ண முடியாதவன். முருகேசனுக்கு நான் நாலு கட்டுனேம்மா."

"அப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு. கண்ணத் தொறந்து பாத்தான். அண்ணேன்னான்."

நீ இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் விடவில்லை. "உன்ன அண்ணேன்னு கூப்பிட்டவனப் போட்டுட்டு எவனோ ஒருத்தனுக்கு வைத்தியம் பாத்தியாலே?" என்றேன். கேட்டது அவனுக்காக இல்லை. பந்தலில் நான் சொன்ன சொல் பொய்யாகிப் போனதே என்ற ஆத்திரம். நீ துணியைக் காலில் சுற்றினாய். கடைசி முடிச்சைக்கூட இறுக்காமல், வலிக்காமல் போட்டாய். "ரெண்டு நாளைக்கு நனைக்காதீகம்மா" என்றாய். நீ என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாய். அன்றைக்கு மரியாதை வந்துவிட்டது. லீவு முடிய ரெண்டு நாள் இருக்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். பதினோரு மாதம் ஆகிறது.

நான் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று யாரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை. கண்ணால் பார்த்தேன். போன ஆவணியில் அந்தப் பழைய புண் மறுபடியும் வாய் திறந்தது, சர்க்கரை உடம்பு இல்லையா. ஸ்ரீவில்லிபுத்தூரில் கார்த்திகா பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரிக்கே போய்க் கட்டுப் போட உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். களையெடுக்கப் போன சனத்தை ஏற்றிய வண்டி ஒன்று ரோட்டில் சாய்ந்து, ஏழெட்டுப் பேரை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரே கூச்சல். கை ஒடிந்த ஒரு ஆள் கட்டிடமே இடிகிற மாதிரி கத்தினான். அங்கே இருந்த பெரிய நர்சம்மா ஒருவர் பக்கத்திலும் உட்காரவில்லை. ஒவ்வொருவரிடமும் குனிந்து, நாடியைத் தொட்டு, கையில் கலர் நாடா ஒன்றைக் கட்டிவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார். கை ஒடிந்தவன் பெண்டாட்டி பாய்ந்து வந்தாள்.

"ஏம்மா நர்சம்மா, இங்க ஒரு மனுசன் உசுரு போகுதுன்னு கத்துதான். நீ பாட்டுக்குத் தாண்டிப் போற. கண்ணு இருக்கா இல்லையா உனக்கு?"

"கத்துறாருல்ல? அப்ப மூச்சு நல்லா இருக்கு. செத்தப் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் ஓடியது ஒரு மூலைக்கு. அங்கே ஒரு சின்னப் பெண், ஒரு சொட்டு ரத்தம் வெளியில் இல்லை, சத்தமும் இல்லை, உதடு மட்டும் வெளுத்துக் கிடந்தாள். வயிற்றுக்குள் ரத்தம் ஓடுகிறதாம். அவளைத்தான் முதலில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நானாக இருந்தால் கத்தினவனிடம்தான் போயிருப்பேன். அந்தப் பெண் செத்திருப்பாள்.

ஒரு தாத்தாவும் அந்த வண்டியில் வந்திருந்தார். தலையில் அடி. நர்சம்மா அவரிடம் மட்டும் ஒரு நொடி கூடுதலாகக் குனிந்து பார்த்தார். பொறவு கார்த்திகாவைக் கூப்பிட்டு, "நீ இவர் பக்கத்துலயே நில்லு, எங்கயும் போகாத" என்றார். உன் மகள் ஒரு கையால் அவர் கையையும் ஒரு கையால் போர்வையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயில் மருந்து ஓடியது, வேறு ஒன்றும் செய்யவில்லை. மத்தியானம் கான்டீனில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். "ஒண்ணுமே செய்யாம நிக்க வச்சுட்டாகளே தாயி" என்றேன் நான்.

"செஞ்சேன் அப்பத்தா. பொழைக்க மாட்டார்னு தெரிஞ்சா அவர் கணக்குலயே இல்லைன்னு அர்த்தமில்ல. வலி தெரியாமப் பாத்துக்கணும். அதுவும் வைத்தியம்தான். அதுக்கும் ஒரு அட்டை இருக்குல்ல? அப்பா சொல்லியிருக்காக."

டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். பட்டாளத்தில் எதற்கு அட்டை, எதற்கு நம்பர் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. பாசத்தைப் பார்த்தால் கை பாசம் இருக்கிற பக்கம்தான் போகும். அப்படிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அட்டையையே கண்டுபிடித்திருக்கிறார்கள். நீ ஒண்ணாம் அட்டை கட்டிய மூன்று பேரும் பிழைத்து அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று உன் பெண்டாட்டி பொறவு சொன்னாள். மூன்று அம்மாமார். எந்த ஊரோ, எந்தப் பாசையோ. அவர்களுக்கு முருகேசன் பேரே தெரியாது. அவனுக்கு நாலு கட்டிவிட்டு நீ நகர்ந்ததால்தான் அவர்கள் பிள்ளைகள் இன்றைக்குச் சாப்பிட உட்காருகிறார்கள். அதை உன்னால் யாரிடமும் சொல்லவும் முடியாது. நீ சொல்ல வந்தது என்னிடம், நானும் அப்படிக் கேட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகும் ரெண்டு மாதம் சும்மா இருந்தேன். பேச்சியம்மாள் கல்யாணச் செய்தி சொல்லி, மாப்பிள்ளைத் தோழனாக உன்னைக் கேட்டபோதுதான் உறைத்தது. நீ வந்து அந்த மணவடையில் நின்றால் நான் சொன்ன பொய்யைத் தலையில் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். அவள் உன் மடியைப் பார்ப்பாள். அதனால் போன வெள்ளிக்கிழமை நான் ஒருத்தியாகப் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நிற்கையில், வழக்கம்போலப் பால்கோவாக் கடைக்குப் போன காலைத் திருப்பிக்கொண்டேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்துகொண்டு இனிப்பு வாங்கிப் போவாளா ஒருத்தி? ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் வாங்கினேன். அதுவும் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று.

அவள் நடையில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டு வேலை. "வாங்கக்கா, இம்புட்டு வெயில்ல என்ன இது, ஒரு போன் போட்டா நான் வந்திருக்க மாட்டேனா" என்றாள். தண்ணி கொடுத்தாள். நான் குடிக்காமல் சொன்னேன்.

"பேச்சி, அன்னைக்குப் பந்தல்ல நான் உங்கிட்டச் சொன்னது பொய். எம் மகன் மடியில உம் மகன் உசுரு போகல. அவன் வந்து பாத்தான். பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சு அட்டை கட்டுனான். அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டான். அவன் போனதுல தப்பில்ல, அது அவுக முறை. போகாம இருந்திருந்தா இன்னும் மூணு பேரு செத்திருப்பாக. நாந்தான் ஒண்ணும் தெரியாம, பெருமைக்குப் பேசிட்டேன்."

சுளகு நின்றுவிட்டது. அவள் அதைத் தரையில் இறக்கி வைத்தாள். பொறவு சொன்னாள், "ரெண்டு வருசமா அந்த மடிய நெனச்சுத்தான்க்கா நான் ஒரு வாய் சோறு திங்கேன். அதயும் இன்னைக்கு எடுத்துக்கிட்டுப் போக வந்தீகளா?"

நல்ல பொய் என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை எந்த நேரத்தில் திரும்ப வாங்குவது, எனக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றேன். "உக்காருங்க" என்றாள். அதட்டல். உட்கார்ந்தேன். உள்ளே மாரீஸ்வரி நடமாட்டம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு. பெட்டியத் தொறந்து மொகத்தக் காட்டுனாகள்ல. நெத்தியில ஊதாவா ஒரு எழுத்து. தொடச்சிருக்காக, ஆனா முழுசாப் போகல. ரெண்டு மலை ஒட்டி நிக்கிற மாதிரி இருந்துச்சு. அதுக்குக் கீழ நம்பரு. நான் திருநீறு பூசயில அது மேல பூசல, ஓரமாப் பூசுனேன். எம் பிள்ள நெத்தியில அத எழுதுனது யாரு?"

"எம் மகன்கிட்ட நான் கேட்டு..."

"நீங்க கேக்காதீக. நீங்க கேட்டா ஒண்ணு ரெண்டாத்தான் இங்க வந்து சேரும். அவன் வந்து அவன் வாயால சொல்லட்டும்."

எனக்கு அந்தச் சொல் வேண்டும்தான். வாங்கிக்கொண்டேன். "அப்ப தோழனா நிக்கிறது?" என்று கேட்டேன், கேட்காமல் வர முடியவில்லை.

"அது வேற பேச்சு. அவன் சொல்லுறதக் கேட்டுட்டு, நிக்கணுமா வேண்டாமான்னு நான் சொல்லுவேன்" என்று சுளகை எடுத்துக்கொண்டாள். பழத்தை உள்ளே எடுத்து வைத்தாளா, தெரியவில்லை. நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கேலண்டர் தாளின் பின்பக்கம் அவள் சொன்ன மாதிரி ரெண்டு மலையை வரைந்து கார்த்திகாவிடம் காட்டினேன். பார்த்த உடனே சொல்லிவிட்டாள். "இது எம், அப்பத்தா. மார்பின். வலி தெரியாம இருக்கப் போடுற பெரிய ஊசி. போட்டா நெத்தியில எழுதி நேரத்தையும் எழுதணும். பின்னால வர்ற டாக்டர் தெரியாம இன்னொன்னு போட்டுறக் கூடாதுல்ல."

அந்தத் தாளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் ராசா. ஒருத்தர் நெற்றியில் எழுத வேண்டுமென்றால் ஒரு கையால் முகத்தைப் பிடிக்காமல் எழுத முடியாது. எழுதியது நீயா, பின்னால் வந்த டாக்டரா, எனக்குத் தெரியாது. நான் அன்றைக்கு உன் வாயை அடைத்தபோது நீ சொல்ல வந்தது இதுதானா, அதுவும் தெரியாது. பேச்சியம்மாளுக்கு உடனே போன் போட்டு, "எம் மகன்தான் எழுதினான், உம் பிள்ளைக்கு வலியே தெரியல" என்று சொல்லிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. நம்பர் வரைக்கும் போனேன். வைத்துவிட்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு தடவை சொன்னதற்கு ரெண்டு வருசம் ரெண்டு வீடு பட்டது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்குப் பெண் பார்க்கும்போது "எம் மகன் ஷேப் ஒன்" என்று சொல்லிச் சொல்லித்தான் பார்த்தேன். பட்டாளத்தில் உடம்பை அளக்கிற அஞ்சு எழுத்து, அஞ்சும் முதல் தரம் என்றால் ஷேப் ஒன் என்று நீதான் சொன்னாய். காது, கை கால், உடம்பு, கண் என்று நாலைத்தான் நான் நினைவில் வைத்திருந்தேன். முதல் எழுத்து மனசுக்கு என்று கார்த்திகா நோட்டைப் பார்த்துப் படித்தாள். கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் அதை வைத்திருக்கிறார்கள். ஊரார் காலுக்கு மருந்து போட்டு "போய் வேலையப் பாரு" என்று எழுதிக் கொடுத்தே பழகியவன் நீ, உனக்கும் அதையே எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களிடம் சிக் ரிப்போர்ட் என்று ஒன்று உண்டே, காலையில் போய் எனக்கு இன்னது முடியவில்லை என்று சொல்வது. ஒரு நாள் நீயும் அந்த வரிசையில் நின்று, உங்கள் டாக்டரிடம் உள்ளதைச் சொல். பேர் கெட்டுவிடும், ஷேப் ஒன் போய்விடும் என்று பார்க்காதே. போனால் போகட்டும். அதை வைத்து நான் பெருமை பேசின காலம் முடிந்தது.

காலைக் கழுவிக் கட்டின பிள்ளையிடம் அப்படிக் கேட்டேனே, அதற்கு என்ன சொல்லித் தீர்ப்பது என்று இந்தத் தாள் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. தப்பு என்னுது. அம்புட்டுத்தான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வா. இங்கே வரவேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நேரே வத்திராயிருப்பு பஸ் ஏறு. நான் கூட வரமாட்டேன், கார்த்திகாவையும் அனுப்ப மாட்டேன். அவள் முன்னால் உட்கார்ந்து, உள்ளது எதுவோ அதைச் சொல். எழுதியது நீ இல்லையென்றால் இல்லை என்று சொல். அவள் கேட்பதெல்லாம் கேட்கட்டும், திட்டினாலும் இரு. மணவடையில் நில் என்று சொன்னால் நில். வேண்டாம் என்று சொன்னால் பந்தலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா. ரெண்டும் எனக்குச் சம்மதம்.

பொறவு வீட்டுக்கு வா. அங்கே என்ன பேசினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

அம்மா